தாமோதரன் வந்திருக்கார்

ஜனவரி 24, புதன்

பெயிண்ட் கம்பெனி வருஷா வருஷம் ஒரு டைரி கொடுக்கும். வருஷா வருஷம் அதை என் மனைவி கோலம் போட்டுப் பார்க்க எடுத்துக்கொள்வாள். இந்த வருஷம் எனக்குக் கிடைத்துவிட்டது. டாக்டர் புண்ணியம். "பிள்ளைக்கு எப்ப வருது, எப்படி வருதுன்னு குறிச்சு வைங்க" என்றார். அதை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இவ்வளவு வழவழப்பான காகிதத்தை வீணாக்க எனக்கு மனசு வராது. ஆகவே மற்றதையும் எழுதப் போகிறேன்.

நான் குமரகுரு. திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். மனைவி மங்கையர்க்கரசி, கூப்பிட மூச்சு போதாது என்பதால் அரசி. ஒரே மகள் நிறைமதி, நாலு வயசு, வாயோ நாற்பது வயசு.

ஞாயிற்றுக்கிழமை பழனியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நடந்தது. எதிரே வரும் லாரிக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டிருந்த மதி, தூக்கிய கையோடு அப்படியே விறைத்தாள். கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அரசி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "மதி, மதிக்குட்டி" என்றாள். பஸ்ஸே எழுந்து நின்றது. "இரும்பு குடுங்கப்பா, இரும்பு" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பைக் சாவி, பீரோ சாவி, டிபன் கேரியர் கம்பி எல்லாம் பிள்ளையின் கையை நோக்கி வந்தன. ஒரு பஸ்ஸுக்குள் இத்தனை சாவி பயணம் செய்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் கடை ஷட்டர் சாவியும் அந்தக் குவியலில் உண்டு.

பின் சீட்டுப் பெரியவர் ஒருவர், "காக்கா வலிப்புங்க, பயப்படாதீங்க, நின்னுரும்" என்றார். நல்ல மனுஷர்தான். அவரோடுதான் சண்டைக்குப் போனேன். "யாருக்குங்க வலிப்பு? வெயிலு ஒத்துக்கல, அவ்வளவுதான்!" என்று கத்தினேன். தை மாதப் பனி இன்னும் விட்டபாடில்லை. பிறகு, ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். இரண்டு பக்கமும் சோளக்காடு. அங்கே ஆட்டோ எங்கிருந்து வரும்? நான் திரும்பி ஏறும்போது பிள்ளை தூங்கிப் போயிருந்தாள். அரசி என்னைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

ஜனவரி 30, செவ்வாய்

தலையில் வயர் ஒட்டி மூளை ஓடுவதைப் படம் எடுக்கும் டெஸ்ட். தூக்கத்தில் கண் சொக்கினால்தான் படம் சரியாக வருமாம். ஆகவே முந்தின நாள் சரியாகத் தூங்க விடாமல் கூட்டிவரச் சொன்னார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நான் தூங்கிவிட்டேன். என்னை எழுப்பி எழுப்பிக் கதை கேட்டதில் மதியும் தூங்கவில்லை. எப்படியோ வேலை நடந்தது.

தலை முழுக்கப் பசை தடவி வயரை ஒட்டியதும் மதி கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு, "அப்பா, என்கிட்ட எந்த சேனல் வரும்?" என்றாள்.

பசை போக மூன்று தடவை சீயக்காய் போட வேண்டியிருந்தது. டர்பென்டைன் போட்டால் ஒரே தடவையில் போய்விடும் என்றேன். அரசி வாளியைத் தூக்கினாள், நான் கடைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எபிலெப்ஸிங்க. வலிப்பு நோய். நிறையப் பிள்ளைகளுக்கு வர்றதுதான். மருந்து இருக்கு. தவறாம கொடுக்கணும். முக்கால்வாசிப் பேருக்குக் கட்டுப்பட்டுரும்."

"இதுக்கு வேற பேரு ஏதாச்சும் இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பேரை மாத்துனா மருந்து மாறாது சார்" என்று சிரித்தார்.

பிறகு, வந்தால் என்ன செய்வது என்று அரசி கேட்டாள், நான் எழுந்து ஃபேன் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது. இழுக்கிற கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் கூடாது. இரும்பும் வேண்டாம், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரே, உடனே ஆஸ்பத்திரி. முக்கியமாக, பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அரசி ஒப்பித்துக் காட்டினாள்.

வரும் வழியில் நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். இது நம் இரண்டு பேரோடு இருக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவள். ஊர் வாயில் ஒரு தடவை விழுந்தால் அப்புறம் எந்த பிரைமர் அடித்தாலும் அந்தக் கறை மறையாது.

"நாலு வயசுப் பிள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்றாள் அரசி.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று நான் கண்டுபிடித்தது சாதாரண விஷயமில்லை.

மதிக்கு வந்தால் அரசி கடைக்குப் போன் பண்ண வேண்டும். கடையில் எப்போதும் நாலு பெயிண்டர்கள் நிற்பார்கள். வீட்டில் மாடி வீட்டுக் கோமளா அக்கா நிற்பார். அந்த வார்த்தையைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

பெயிண்ட் கம்பெனி ரெப், கடைக்கு ஆர்டர் எடுக்க வரும் தாமோதரன் நினைவுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வருவார். எந்த நேரம் வரக் கூடாதோ அந்த நேரம் வருவார். வந்தால் கடையே ஆடிப்போகும். போன பிறகு ஒரு தூக்கம் போட்டால்தான் தெம்பு வரும். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? "தாமோதரன் வந்திருக்கார்" என்றால் போதும், நான் புரிந்துகொள்வேன்.

"பாவம் அந்த மனுசன், அவரு பேரை எதுக்கு இழுக்குறீங்க?" என்றாள் அரசி. ஆனால் ஒப்புக்கொண்டாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் தாமோதரன் வந்தார். நான் ஆட்டோ பிடிக்கப் போனேன். ஆட்டோ தேவைப்படவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

மருந்து சிரப். காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை. ஸ்ட்ராபெர்ரி வாசனை என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஸ்ட்ராபெர்ரியே சாப்பிடாத பிள்ளையிடம் இந்த விளம்பரம் எடுபடவில்லை. முதல் வாரம் என் வேட்டி பாதி மருந்தைக் குடித்தது. இப்போது ஒரு வழி: அவள் தன் பொம்மைக்கு ஊசி இல்லாத காலி சிரிஞ்சால் ஊட்டுவாள், நான் அவளுக்கு ஊட்டுவேன். பொம்மை முகம் சுளிக்கவில்லை என்பதால் இவளும் சுளிப்பதில்லை.

இன்று மருந்து குடித்துவிட்டு, "தாமோதரன் மாமா எப்படி இருப்பாரு? மீசை இருக்குமா?" என்று கேட்டாள். எங்கே கேட்டாளோ அந்தப் பெயரை. "அதெல்லாம் யாருகிட்டயும் பேசக் கூடாதுடா தங்கம்" என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 9, சனி

ஒருவருக்கு லைலாக், அதாவது வெளிர் ஊதா, கலக்கிக்கொண்டிருந்தேன். போன். அரசி. "ஏங்க, தாமோதரன் வந்துருக்காரு."

நிறம் கலக்கும் டின்டிங் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். சிக்னல் எதையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. வீட்டு வாசலில் செருப்போடு உள்ளே ஓடினால், சோபாவில் நிஜத் தாமோதரன் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாராம், பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்.

எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து எழுந்து நின்றார். "சார், எனக்காகவா இப்படி ஓடி வந்தீங்க?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பதினெட்டு வருசமா இந்த லைன்ல இருக்கேன் சார். நான் வர்றேன்னு தெரிஞ்சா எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பிருவாங்க. என்னைப் பாக்க யாரும் ஓடி வந்ததில்ல."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அரசி சமையலறைக்குள் போய் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்டேன். மதிதான் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. கூச்சம் போலிருக்கிறது.

லைலாக், கத்திரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. வாடிக்கையாளர் அதுவே நன்றாக இருக்கிறது என்று வாங்கிப் போனார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வடை, பாயசம். நடுவில் தாமோதரன். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். குடம் நிறையக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

மாடிப்படியில் கோமளா அக்கா நிறுத்தினார். "யாரு தம்பி அந்தத் தாமோதரன்? அடிக்கடி வர்றாரு, வர்றாருன்னு அரசி போன்ல சொல்லுது. நானும் பாக்குறேன், ஆளைக் கண்ணுல காணோமே?"

"சட்டுனு வந்துட்டு சட்டுனு போயிருவாருக்கா" என்றேன். பொய் இல்லை.

மே 20, திங்கள்

டாக்டர் மருந்தைக் கூட்டியதிலிருந்து தாமோதரன் எட்டிப் பார்க்கவில்லை. இன்று மதியை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். ஹெச்.எம். ஜெசிந்தா மேடம், நறுக்கென்று பேசுகிறவர். எல்லாம் முடிந்து எழும்போது, "பிள்ளையப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

அரசி வாயைத் திறந்தாள். "கத்திரிக்கா பிடிக்காது மேடம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

வீடு வந்ததும் அரசி நேராகச் சமையலறைக்குப் போனாள். சாப்பாட்டுக்குக் கத்திரிக்காய்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. மதி அழவில்லை. என்னைத்தான் வாட்ச்மேன், "போங்க சார், நாங்க பாத்துக்குறோம்" என்று கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்.

ஜூன் 19, புதன்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ஹெச்.எம். கூப்பிட்டார். "ரெண்டு பேரும் வாங்க. பிள்ள நல்லா இருக்கா. ஆனா உடனே வாங்க." அறையில் மேடமும் எல்.கே.ஜி. ஷர்மிளா மிஸ்ஸும் இருந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"மதி வகுப்புல கதவுப் பக்கம் உக்கார மாட்டேங்குறா. ஏன்னு மிஸ் கேட்டுருக்காங்க. 'தாமோதரன் மாமா வந்துருவாரு'ன்னு சொல்றா" என்றார் மேடம். "மிஸ், பிள்ள சொன்னத அப்படியே சொல்லுங்க."

ஷர்மிளா மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "'அவரு வந்தா நான் கீழ விழுந்துருவேன் மிஸ். என் கையக் காலப் பிடிச்சு ஆட்டுவாரு. நாக்குல ரத்தம் வரும். அப்புறம் அம்மா டிரஸ் மாத்தி விடுவாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது'ன்னு சொல்றா சார்."



"அந்த நேரத்துல அப்பா எங்கம்மா இருப்பாருன்னு நானே கேட்டேன்" என்றார் மேடம். "'நான் கண்ணு முழிச்சா அப்பா இருக்க மாட்டாரு. தாமோதரன் மாமான்னா அப்பாவுக்கும் பயம்'கிறா. யாரு சார் அந்த ஆளு? உங்க வீட்டுக்குள்ள வந்து பிள்ளையை இப்படிப் பண்ற ஆளு யாரு?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பெயிண்ட் கம்பெனி ரெப் மேடம்."

சத்தியமாக அப்படித்தான் வந்தது. மேடம் போனைக் கையில் எடுத்துவிட்டார். குழந்தைகள் உதவி நம்பருக்கும் போலீசுக்கும் சொல்லப் போவதாகச் சொன்னார். புது வீட்டுப் பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டிய அந்த மனுஷன் என் கண்ணுக்கு முன்னால் நின்றார். அரசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

"வலிப்பு மேடம்" என்றேன். "என் மகளுக்கு வலிப்பு நோய். தாமோதரன்னு யாரும் இல்ல. இருக்காரு, ஆனா அவரு நல்லவரு. வலிப்புக்கு நான்தான் அந்தப் பேரு வெச்சேன். வெளிய தெரியக் கூடாதுன்னு வெச்சேன்."

அஞ்சு மாசமாக இந்த வார்த்தையை நான் எழுதியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன், சண்டைகூடப் போட்டிருக்கிறேன். என் மகளுக்கு என்று சேர்த்துச் சொன்னது இன்றைக்குத்தான். சொன்னதும் வெட்கமாக இல்லை. பிள்ளை கதவைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்திருந்ததை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. அவளுக்கு ஒரு நோய்தான் இருந்தது. அதற்கு மீசை வைத்து ஒரு ஆளாக்கி, வீட்டுக்குள் நடமாட விட்டது நான்.

மேடம் போனைக் கீழே வைத்தார். டி.சி.யைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது வேறு கோபம். "இத்தன நாளா இந்தப் பிள்ள எங்க கையில இருந்துருக்கு. இங்க வந்துருந்தா எங்க ஆயா அவ வாயில கரண்டியத் திணிச்சிருக்கும் சார். தெரியாமத்தான் செஞ்சிருக்கும். கத்திரிக்காயச் சொல்லத் தெரிஞ்சது, இதச் சொல்லத் தெரியலயா?"

அரசி பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"சரி, வந்தா நாங்க என்ன செய்யணும்? நாளைக்கு வந்து எல்லாருக்கும் செஞ்சு காட்டுங்க" என்றார்.

ஜூன் 20, வியாழன்

பிள்ளைகள் போன பிறகு எல்.கே.ஜி. அறையில் டீச்சர்கள், ஆயா பேச்சியம்மா, வாட்ச்மேன் எல்லாரும் கூடினார்கள். பிள்ளையாக யார் படுப்பது என்று கேள்வி வந்தது. "அப்பாவே படுக்கட்டும்" என்றார் மேடம்.

அ, ஆ போட்ட பாயில் படுத்தேன். கையைக் காலை ஆட்டினேன். "இப்படியா சார் வரும்? நீச்சலடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார் பேச்சியம்மா.

எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

"இவரு முழுசாப் பாத்ததில்லக்கா" என்றாள் அரசி. குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, என்னை ஒருக்களித்துத் திருப்பி, துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தாள். மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கினாள். "அமுக்காதீங்க. வாயில எதுவும் வெக்காதீங்க. கடிகாரத்தப் பாருங்க. ஸ்ப்ரே இந்தப் பையில இருக்கும். அப்புறம், காதுல பேசுங்க. கேக்குதோ இல்லையோ, பேசிக்கிட்டே இருங்க."

குனிந்து என் காதில் பேசினாள். "ஒண்ணுமில்லடா தங்கம். முடிஞ்சிரும். அம்மா இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

இத்தனை மாசமாக அவள் இதைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஆட்டோவுக்கும் தண்ணீருக்கும் போயிருந்தேன். பாயில் கிடந்தபடியே அழுதுவிட்டேன்.

"மிஸ், கண்ணுல தண்ணியும் வருமா?" என்று கேட்டார் பேச்சியம்மா. "சார் நல்லாத்தான் நடிக்கிறாரு."

ஜூன் 24, திங்கள்

கடைக்குத் தாமோதரன் வந்தார். நிஜமானவர். டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அன்னிக்கு எனக்காக ஓடி வரலையா சார்?" என்றார்.

அவருக்கு அதுதான் வருத்தம்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் ஜன்னல் கிரில்லுக்குத் தந்த நிற ஐவரி எனாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் வீட்டு ஜன்னல்தான் தெருவிலேயே மோசமாக இருக்கிறது என்று அரசி சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்று சொல்லிவிட்டு மாவு வாங்கப் போனாள். மதி தரையில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழும் சத்தம் கேட்டது.

திரும்பினால், வலிப்பு.

என் கால் தானாக வாசலுக்குப் போனது. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். கேட்டில் கை வைத்தபோதுதான், வீட்டில் வேறு யாரும் இல்லை என்று உறைத்தது. செருப்போடு திரும்பி ஓடி வந்து முட்டி போட்டேன். ஒருக்களித்துத் திருப்பினேன். தலைக்குக் கீழே என் தோள் துண்டு. என் கைப் பெயிண்ட் ஒட்டி அவள் கவுனெல்லாம் ஐவரி. முழுசாகப் பார்த்தேன். பயங்கரமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காதில் பேச வேண்டும். அரசியின் வார்த்தைகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது, பெயிண்ட் நிறங்களை வரிசையாகப் போட்ட ஷேட் கார்டு ஒன்றுதான். அதைச் சொன்னேன். "ஐவரிடா கண்ணு. அடுத்தது க்ரீம். அப்புறம் மாம்பழ மஞ்சள். அதுக்கப்புறம் செங்கல் சிவப்பு. இருக்குடா, இன்னும் நிறைய இருக்கு. அப்பா எல்லாத்தையும் சொல்றேன்." பச்சைக்கு வருவதற்குள் உடம்பு தளர்ந்தது. மூச்சு சீரானது. மடியில் அள்ளிப்போட்டுச் சாய்ந்துகொண்டேன்.

அரசி மாவோடு வந்து வாசலிலேயே நின்றாள். கிட்டே வரவில்லை. சுவரில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மதி கண்ணைத் திறந்தாள். முதலில் மூக்கைச் சுளித்தாள். பிறகு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பா, நாத்தம்" என்றாள்.

"பெயிண்டுடா. அப்பா போய்க் குளிச்சிட்டு வரட்டுமா?"

"வேணாம்ப்பா. இங்கயே இரு" என்று அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனாள்.